கசப்பு போன ஊர்

அம்மன் கோயில் பங்குனிக் கொடை முடிந்து பந்தல்காரர்கள் மூங்கிலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில் மஞ்சனூரணியில் கசப்பு இல்லாமல் போனது. குளத்துக்கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஆண்கள்தான் முதலில் கண்டுகொண்டார்கள். வாயில் வைத்த வேப்பங்குச்சி கரும்பாக இனிக்க, துப்ப வேண்டியதை விழுங்கி, விழுங்கியது போதாமல் கைக்கெட்டிய கிளையையெல்லாம் ஒடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தார்கள். மதியம் பாகற்காய்க் குழம்பு வைத்த வீடுகளில் பிள்ளைகள் சட்டியை வழித்து நக்கின. நிலவேம்புக் கஷாயத்தைக் கண்டாலே ஓடுகிறவர்கள்கூட அன்று சாயங்காலம் இன்னும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கொடையை அவ்வளவு சிறப்பாக நடத்தியிருக்கிறோம், அம்மன் இதுகூடச் செய்ய மாட்டாளா என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

நாக்கிலிருந்து போனது மனசிலிருந்தும் போயிருக்கிறது என்பது தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. வரப்புத் தகராறில் பெற்ற அப்பன் சாவுக்குக்கூட ஒரே பந்தலில் உட்காராத மேலத்தெரு அண்ணனும் தம்பியும் டீக்கடையில் ஒரே கிளாஸில் மாறி மாறிக் குடித்தார்கள். மருமகளை ஏசியே பொழுதைக் கழித்த மாமியார்கள் ஏச வாயைத் திறந்தால் தாலாட்டு வந்தது. புறக்காவல் நிலையத்துப் போலீஸ்காரர் கேஸ் இல்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை விழுந்து, தானே மாற்றல் கேட்டு வாங்கிப் போனார். பூசாரி அருள் வந்து ஆடி, முத்துமாரிக்குத் தித்திப்பு மாரி என்று புதுப்பெயர் வைத்தார். வேப்பங்கொழுந்தில் பாயசம் காய்ச்சிப் பிரசாதமாகக் கொடுத்தோம். கேள்விப்பட்டு வேன் பிடித்து வந்த வெளியூர்க்காரர்கள் அதை வாயில் வைத்ததும் தூ என்று துப்பினார்கள், அவர்களுக்குக் கசந்தது. நாங்கள் அதையே செம்பு செம்பாகக் குடிப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் காலில் விழுந்தார்கள். கசப்பு இலையை விட்டுப் போகவில்லை, எங்களை விட்டுத்தான் போயிருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. மலையேறித் தவம் கிடந்தவர்களுக்குக் கிடைக்காதது பல் விளக்கும்போது எங்களுக்குக் கிடைத்துவிட்டதே என்று ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டோம். பெருமை மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை, அது இனிப்பு வகையைச் சேர்ந்தது.

பஸ் நிறுத்தத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த பிரமுவுக்குத்தான் எதுவும் மாறவில்லை. ஊரில் எல்லாரையும் விட்டுப் போனது அவளிடம் போய்ச் சேர்ந்ததோ என்னவோ, அவள் கை பட்ட வெற்றிலை கசந்தது, அவள் மொண்டு கொடுத்த தண்ணீர் கசந்தது, அவள் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்கு அடித்தொண்டையில் ஏதோ கசந்து, என்றைக்கோ செய்த ஒரு காரியம் நினைவுக்கு வரப்போகிற மாதிரி இருந்தது. அப்படி வருவது எங்களுக்குப் பிடிக்கவில்லை. யாரையும் வெறுக்க முடியாதவர்கள் ஆகிவிட்டோம் என்பதால் வெறுக்காமலேயே அவளை ஊரைவிட்டு அனுப்பினோம். கழுத்தில் மாலை போட்டு, முன்னால் மேளம் வைத்து, "கொளத்துக்கு அந்தப் பக்கம்னா ஒனக்கு நல்ல காத்தோட்டமா இருக்கும்க்கா" என்று சிரித்த முகத்தோடு சொல்லி, மூடிக்கிடந்த செங்கல் சூளையில் ஒரு ஓலைக்குடிசை போட்டுக்கொடுத்தோம். அவள் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டோம். தெருவுக்குத் தெரு முறை வைத்துக்கொண்டு தினமும் இலையில் சோறு கொண்டுபோய்க் குளத்து மடைக்கல்லில் வைத்தோம். அவள் கை பட்டதும் அந்தச் சோறு வாயில் வைக்க முடியாமல் போய்விடும் என்பதும், அவள் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்கிறாள் என்பதும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கீழத்தெரு முப்புடாதிக்கு ஊரில் வேறு எவளையும்விட அம்மனிடம் நன்றி அதிகம். அவள் புருஷன் சொரிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கொடையின் கடைசி நாள், தன்னிடம் சொல்லாமல் வில்லுப்பாட்டுப் பார்க்கப் போனாள் என்று, குடித்துவிட்டு வந்து ஜாக்கிக் கம்பியால் அவளை இடது முழங்கைக்குக் கீழே அடித்திருந்தான். மறுநாள் காலையில்தான் கசப்பு போனது. எழுந்தவன் அவள் கையைப் பார்த்துப் பதறிப்போய், "எப்படிம்மா இப்படி வீங்கிச்சு?" என்று கேட்டான். நடிப்பில்லை. நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. அவனே தூக்கிக்கொண்டு போய் எலும்புக்குக் கட்டுப் போட்டு வந்தான்; கைப்பிள்ளைக்காரி கையை அசைக்காமல் எங்கே இருப்பது, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, ஒவ்வொரு சாயங்காலமும் நல்லெண்ணெயைச் சூடாக்கி அந்தக் கோணலில் தடவிக்கொண்டே, அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறவன்போல, "எப்படிம்மா இப்படிக் கோணிச்சு?" என்று கேட்டான். "எங்கயாவது இடிச்சிருப்பேன்" என்பாள் அவள். அவளுக்கு நினைவிருந்தது, ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரி இருந்தது. கோபப்படலாமென்றால் கோபம் வரவில்லை, கோபம் வராததால் மன்னிக்கவும் வழியில்லை. வலி மட்டும் அப்படியே இருந்தது.

பயமும் இருந்தது. அவள் மகள் இசக்கி கொடைக்கு முன்னால் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்த பிள்ளை. அடுத்த கொடைக்குப் பந்தல்கால் நாட்டியபோதும் அதே பால் பற்களோடு, அதே சட்டைக்குள், அதே சுவரோரமாக, எழுந்து நிற்காமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு வரவில்லை. சோறு ஊட்டினால் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால், பால், பால் மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் பால் மறக்கடிக்க ஒரே ஒரு வழிதான். தாய் வேப்பிலையை அரைத்து மார்பில் பூசிக்கொள்வாள். பிள்ளை வாயை வைக்கும், முகத்தைச் சுளிக்கும், தெருவையே கூட்டுகிற மாதிரி அழும், பெற்றவளை முதல் தடவையாக ஒரு மாதிரிப் பார்க்கும், மறுநாள் சோற்றுக்கு வந்துவிடும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சோற்றுக்கு வந்தவர்கள். முப்புடாதி பூசினாள், இசக்கி முன்னைவிட ஆசையாகக் குடித்தாள். இலை போதவில்லை என்று வேப்பங்கொட்டையை இடித்துப் பூசினாள், வேப்பெண்ணெயைத் தடவினாள், டவுன் பஸ் ஸ்டாண்டுக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நாட்டுமருந்துக் கடையில் எது ரொம்பக் கசப்போ அதைக் கேட்டு வாங்கிப் பூசினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டபோது இசக்கி சப்புக்கொட்டிக் குடித்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒரு பகல் முழுக்க ஒளிந்திருந்து பார்த்தாள். இசக்கி தேடவில்லை, அழவில்லை. சிரித்தபடியே கிடந்து, பொழுது சாய்கிற நேரத்தில் கழுத்து நிற்காமல் துவண்டுபோனாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அழுவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது. கைப்பிள்ளைகள் எல்லாமே அப்படியேதான் இருந்தன, வளரவில்லை. மற்றத் தாய்மார்களுக்கு அதில் குறையொன்றுமில்லை. "வளந்து என்னத்தக் கிழிக்கப் போவுது, மடியிலயே கெடக்கட்டும்" என்று அவற்றைக் கொஞ்சினார்கள். வடக்குத்தெருவில் ஒருத்திக்குப் பிரசவமாகி, பிறந்த பிள்ளை அழாமல், தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியும் அழாமல், சிரித்த முகமாகவே நீலம் பாரித்து அடங்கியது. அதையும் புதைத்துவிட்டு வந்து ஆளுக்கொரு டம்ளர் பாயசம் குடித்தோம். பெற்றவளும் குடித்தாள். அதைப் பார்த்த முப்புடாதி தன் டம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்தாள்.

அவள் உடம்பும் வற்றிக்கொண்டு வந்தது. மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது வெளியூர்க்கார டாக்டரம்மா கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ரத்தமே இல்லம்மா. முதல்ல பாலை நிறுத்துங்க. நிறுத்தலைன்னா நீங்க இருக்க மாட்டீங்க, பின்னாடியே பிள்ளையும் இருக்காது" என்று சொன்னார். சொரிமுத்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து எண்ணெயைச் சூடாக்கினான்.

"ஏங்க, பிள்ள செத்துரும்ங்க" என்றாள் முப்புடாதி.

"தித்திப்பு மாரி பாத்துக்கிடுவாம்மா."

"நானும் செத்துருவேன்ங்க."

"அப்படியெல்லாம் சொல்லப்பிடாது" என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து, "இது எப்படிம்மா கோணிச்சு?" என்று கேட்டான்.

மறுநாள் உச்சிவெயிலில் ஒரு கை வேப்பங்கொழுந்தை மடியில் கட்டிக்கொண்டு, இசக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முப்புடாதி குளத்துக்கரை மேல் நடந்தாள். எதிரே வந்தவர்கள் எல்லாரும், "அங்க போவாதம்மா, வா, வீட்டுக்குப் போவோம்" என்று நயமாகச் சொன்னார்கள். மடைக்கல்லுக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போனால் பிள்ளை சாகும். போய்க் கசப்பைத் திரும்பக் கொண்டுவந்தால், குடிக்காத சொரிமுத்து, எண்ணெய் சூடாக்குகிற சொரிமுத்து போய்விட்டு, ஜாக்கிக் கம்பி வைத்திருக்கிறவன் வந்துவிடுவான். ஒரு பெண்பிள்ளைக்கு அம்மன் இவ்வளவு நல்லது செய்துவிட்டு அதில் இப்படி ஒரு ஓட்டையை வைத்திருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. இசக்கி இடுப்பில் இருந்தபடியே மாராப்பை இழுத்து வாயை வைத்தாள். பாலோடு ரத்தம் வந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டே அதையும் குடித்தது. முப்புடாதி எழுந்துவிட்டாள்.

குடிசை வாசலில் பிரமு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அன்றைய சோறு இலையில் காய்ந்துகொண்டிருந்தது. பிசைந்து, தின்ன முடியாமல் விட்டிருந்தாள்.

"கிட்ட வராத. சோத்த மடைக்கல்லுல வச்சிட்டுப் போ" என்றாள்.

"சோறு கொண்டாரல அத்தே. வேப்பில கொண்டாந்திருக்கேன். ஒங்க கையால அரைச்சுத் தரணும்."

பிரமு பிள்ளையைப் பார்த்தாள், அப்புறம் முப்புடாதியின் நெஞ்செலும்பைப் பார்த்தாள். சொல்லாமலே புரிந்துகொண்டாள்.

"இது நாக்கோட நிக்காதுட்டி. தெரிஞ்சுதான் கேக்கியா?"

"பிள்ள செத்துரும் அத்தே."

"எம்மவ நெறமாசமா வாசல்ல வந்து நின்னா. எனக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கிட்டான்னு நான் கதவத் தொறக்கல. கொட்டுற மழையில திரும்பிப் போனவ வழியிலயே போய்ச் சேந்துட்டா. ஊரு பூரா என்னைய ஏசிச்சு, ஏசட்டும், நான் செஞ்சதுக்குத்தான ஏசுதாவன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். இப்ப ஒருத்தருக்கும் அது ஞாபகமில்ல. சிரிச்சிக்கிட்டே சோறு வைக்காவ. ஏசக்கூட நாதியில்லாம நான் ஒருத்தியா சொமக்கேன்ட்டி." பிரமு மூக்கைச் சிந்தினாள். "ஒனக்குக் கொஞ்சம் குடுத்தா எனக்குக் கொறையுமான்னு ஆசையா இருக்கு. அதான் பயமாவும் இருக்கு. பச்சப்பிள்ளக்காரிக்கு இதக் குடுக்கது பாவமா புண்ணியமான்னு எனக்குத் தெரியலையே."

"எனக்கும் தெரியல. நீங்க அரைங்க" என்றாள் முப்புடாதி.

இரண்டு செங்கலுக்கு நடுவில் வைத்துப் பிரமு அரைத்தாள். முப்புடாதி அதை விரலில் தொட்டு முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரு வருஷத்துக் கசப்பும் ஒன்றாகச் சேர்ந்து காதுவரைக்கும் ஏறியது. கோணல் கைக்குள் கம்பி மறுபடியும் இறங்கியது. அவன் கம்பியை ஓங்கியபோது பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திய சத்தமும், இறங்கும்போது அவன் சொன்ன வார்த்தையும் இப்போதுதான் நடக்கிற மாதிரி வந்தன, அடுத்த வீட்டுக்கு நடந்ததாக இல்லை, தனக்கு நடந்ததாகவே வந்தன. அவனைக் கொன்று போட வேண்டும் என்று இருந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது, அதை அவள் எதிர்பார்க்கவில்லை. அடி வாங்கிய கையைத் தூக்க முடியாமல் அவள் கிடந்தபோது இசக்கி பாலுக்கு அழுதாள். அடித்தவனை அடிக்க முடியாத முப்புடாதி, அழுத பிள்ளையை நல்ல கையால் அடித்தாள். ஒருமுறை இல்லை. அந்தப் பிஞ்சுத் தொடையில் தன் விரல்கள் பதிந்து சிவந்தது இப்போது தெரிந்தது.

"ஐயோ, நானும்தான் அத்தே, நானும்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிரமு அரைத்ததை வழித்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். முப்புடாதி அழுதுகொண்டே அதை இரண்டு மார்பிலும் பூசினாள்.

இசக்கி வாயை வைத்தாள். எடுத்தாள். தாயின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பு வாயின் ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகக் கலைந்தது, உதடு பிதுங்கியது, மூச்சு உள்ளே போய் வெகுநேரம் வெளியே வராமல் நின்று, பிறகு அவள் அழுதாள். அந்த அழுகை தண்ணீரைத் தாண்டி, கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தது. அது காதில் விழுந்தவர்களுக்கு எல்லாம் நாக்கு கசந்தது. டீக்கடையில் அண்ணன் கையிலிருந்த கிளாஸைத் தம்பி வாங்காமல் எழுந்தான். கோயில் வாசலில் பூசாரி பாயசத்தைத் துப்பிவிட்டு, எதைக் குடித்துக்கொண்டிருந்தோம் என்று செம்புக்குள் எட்டிப் பார்த்தார். வடக்குத்தெருவில், பிறந்து அழாத பிள்ளையைப் பெற்றவள் அடுப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்து, பிள்ளை போன அன்று வைக்க வேண்டிய ஒப்பாரியை இப்போது வைத்தாள். மடியில் கிடந்த கைப்பிள்ளைகள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது, அதை இங்கே சொல்வதற்கில்லை. மாலை போட்டு மேளத்தோடு ஒருத்தியைக் கொண்டுபோய் விட்டது மட்டும் எல்லாருக்கும் பொதுவாக வந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

சூளையில் இசக்கி தாயின் மடியைவிட்டு இறங்கி, விம்மிக்கொண்டே தவழ்ந்து, பிரமுவின் இலைக்குப் போனாள். சோற்றில் கையை விட்டு வாயில் அப்பிக்கொண்டாள். அதுவும் கசந்தது, முகத்தைச் சுளித்து, கண்ணீர் வழிய, மென்று விழுங்கினாள். பிறகு பிரமுவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு வருஷமாக யாரும் தொடாத பிரமு, அசைந்தால் பிள்ளை விழுந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

கரை மேல் சொரிமுத்து ஓடி வந்தான். அவனைப் பார்த்ததும் முப்புடாதி நல்ல கையால் கீழே கிடந்த செங்கல் ஒன்றை எடுத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டுக் குடிசைக்கு வெளியிலேயே நின்றான். அவன் கையில் எதுவும் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கேட்கிறதை அவன் கேட்கவில்லை. அவள் கையைப் பார்த்தான், பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முப்புடாதி" என்றான். "நான்தான்."

அவளுக்கு இந்த ஒரு சொல்லுக்காகவா இத்தனை நாள் கை வலித்தது என்று இருந்தது, இந்த ஒரு சொல் போதுமா என்றும் இருந்தது. இவன் நாளைக்கு மறுபடியும் கம்பியை எடுக்கலாம். எடுக்காமலும் இருக்கலாம். நேற்றுவரை அவனுக்கு அந்த இரண்டுக்கும் வழியில்லாமல் இருந்தது.

சொரிமுத்து குனிந்து பிள்ளையிடம் கையை நீட்டினான். யார் நீட்டினாலும் சிரித்துக்கொண்டு போகிற பிள்ளை, நீட்டிய கையைப் பார்த்தது, அப்பன் முகத்தைப் பார்த்தது, பிரமுவின் சேலைக்குள் பாதி ஒளிந்துகொண்டு, வாயில் சோற்றோடு, தன் முதல் வார்த்தையைச் சொன்னது.

"வேணாம்."

அவன் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து அழுதான். முப்புடாதி அவனைத் தேற்றப் போகவில்லை. செங்கல்லைக் கீழே போடவும் இல்லை.

"இன்னொரு வாய் பிசைங்க அத்தே" என்றாள். "பிள்ள பசியா இருக்கா."

பிரமு பிசையத் தொடங்கினாள்.